வளர்ச்சி ஓர் ஊரில் தங்குவதில்லை: பள்ளி மாவட்டங்களும் சமுதாயக் கல்லூரிகளும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் மாநகருக்கு வடக்கே, காலின் கவுண்டி இருக்கிறது. 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 1.44 லட்சம் பேர், 2020-இல் 10.64 லட்சம் பேர். பருத்தியும் கோதுமையும் விளைந்த கரிசல் மண்ணில் நாற்பதே ஆண்டுகளில் பிளேனோ, ஆலன், மெக்கின்னி, ஃபிரிஸ்கோ என்று நகரங்கள் பெருகிவிட்டன. கணினித் துறை வேலைக்காக அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் நிறைய. வீடு வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது, அந்த வீடு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்பதைத்தான். அங்குள்ள அனுபவத்தை முன்வைத்து இன்று ஒரே ஒரு வாதத்தை உங்கள் முன் வைக்கிறேன். வளரும் ஊர்களில் பள்ளி மாவட்டமும் சமுதாயக் கல்லூரியும் தனித்தனியே திட்டமிடுவதால் பொதுப் பணமும் வீணாகிறது, பிள்ளைகளும் இழக்கிறார்கள். பிள்ளைகளின் பெருக்கம் எந்த ஊரிலும் நிலைத்து நிற்பதில்லை. ஒரு தலைமுறைக்குள் அடுத்த ஊருக்கு நகர்ந்துவிடுகிறது. அந்த நகர்வு முழுவதையும் கணக்கில் எடுக்கப் பள்ளி மாவட்டத்தின் எல்லை போதாது. கல்லூரியின் எல்லை போதும். ஆகவே இரண்டும் சட்டப்படியே ஒரே திட்டத்துக்குள் வர வேண்டும்.

முதலில் இந்த அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊரில் அரசுப் பள்ளியை மாநில அரசின் கல்வித் துறை நடத்துகிறது. டெக்சாஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் பெயரிலேயே ‘சுயேச்சை’ என்ற சொல் உண்டு. நகராட்சிக்கோ கவுண்டிக்கோ அவை கட்டுப்பட்டவை அல்ல. மக்கள் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் குழு, சொந்த எல்லை, சொந்தமாக வரி விதிக்கும் அதிகாரம் எல்லாம் அவற்றுக்கு உண்டு. சமுதாயக் கல்லூரிக்கும் இதே அமைப்புதான். மாநிலத்தில் இப்படி ஐம்பது கல்லூரி மாவட்டங்கள். காலின் கவுண்டியில் வீடு வைத்திருப்பவருக்கு ஆண்டுக் கடைசியில் வரும் சொத்து வரிச் சீட்டை எடுத்துப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். நகரத்துக்கு ஒரு வரி, கவுண்டிக்கு ஒரு வரி, பள்ளி மாவட்டத்துக்கு ஒரு வரி, கல்லூரிக்கு ஒரு வரி. பள்ளி வரி 100 டாலர் மதிப்புக்கு ஒரு டாலரை ஒட்டியோ சற்று மேலாகவோ இருக்கும்; கல்லூரி வரி ஏறத்தாழ 8 சென்ட். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு, விலக்குகளை விட்டுப் பார்த்தால், கல்லூரிக்குப் போவது ஆண்டுக்குச் சுமார் 320 டாலர். ஒரே சீட்டில், ஒரே குடும்பம், ஒரே பிள்ளையின் படிப்புக்காகக் கட்டும் இரண்டு வரிகள் இவை. ஆனால் இந்த இரண்டையும் செலவிடும் குழுக்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து திட்டமிட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

பள்ளி வரியும் உள்ளுக்குள் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நடைமுறைச் செலவுக்கானது: ஆசிரியர் சம்பளம், மின்சாரம், பேருந்து. மற்றொன்று கடனுக்கானது: கட்டடம் கட்ட விற்ற கடன்பத்திரங்களின் அசலும் வட்டியும். கடன்பத்திரப் பணத்திலிருந்து ஓர் ஆசிரியருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. வளரும் ஊரை இந்தப் பிரிவினை எப்படி நெருக்கும் என்பதற்கு ஃபிரிஸ்கோ ஒரு பாடம். 1990-இல் ஆறாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த அந்த ஊரில் 2020-இல் இரண்டு லட்சம் பேர். 2003-இல்தான் அங்கே இரண்டாவது உயர்நிலைப் பள்ளி வந்தது. 2022-இல் பன்னிரண்டாவது உயர்நிலைப் பள்ளியும் திறந்துவிட்டது. 2014-இல் 77.5 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு வாக்காளர்கள் சம்மதித்தார்கள். 2016 ஆகஸ்டில், அந்தப் பள்ளிகளை நடத்துவதற்கான வரி உயர்வை அதே வாக்காளர்கள் நிராகரித்தார்கள். கட்டப் பணம் இருந்தது, நடத்தப் பணம் இல்லை. நான்கு புதிய பள்ளிகளின் திறப்பு தள்ளிப்போனது. அவற்றுள் மெமோரியல் உயர்நிலைப் பள்ளி ஓராண்டு தாமதமாக 2018-இல்தான் திறந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வரி உயர்வும் 69.1 கோடி டாலர் கடன்பத்திரமும் நிறைவேறின. 2024 நவம்பரில் 100 கோடி டாலரைத் தாண்டிய கடன்பத்திரக் கோரிக்கையும் வரி உயர்வும் மீண்டும் தோற்றன. பிள்ளைகள் வந்துகொண்டிருக்கும்போது இருந்த மனநிலை வேறு, வரத்து நின்றபின் வரும் மனநிலை வேறு. வாக்காளரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கட்டடம் எழுப்பும் முடிவையும் அதை நடத்தும் முடிவையும் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு வாக்குச்சீட்டுகளில் கேட்டால் இப்படித்தான் முடியும்.

வரத்து நிற்பதுதான் என் வாதத்தின் நடுநாயகம். பிளேனோவைப் பாருங்கள். 1970-இல் 18 ஆயிரம் பேருக்கும் குறைவு; 2000-இல் இரண்டு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் வேகமாக வளரும் நகரம் என்றால் பிளேனோவைத்தான் சொல்வார்கள். அங்கே வீடு வாங்கிய இளம் தம்பதியர் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், பிள்ளைகள் வெளியூர் போனார்கள், பெற்றோர் அதே வீட்டில் தங்கிவிட்டார்கள். வீட்டு விலை ஏறியதால் புதிதாகக் குடும்பம் தொடங்குகிறவர்கள் வடக்கே ஃபிரிஸ்கோவுக்கும், அங்கிருந்து இன்னும் வடக்கே பிராஸ்பருக்கும் செலைனாவுக்கும், கிழக்கே பிரின்ஸ்டனுக்கும் போனார்கள். ஒரு காலத்தில் 55 ஆயிரத்தைத் தொட்ட பிளேனோ பள்ளி மாவட்டத்தின் மாணவர் எண்ணிக்கை இன்று 50 ஆயிரத்துக்கும் கீழே. 2024 ஜூனில் நான்கு பள்ளிகளை மூட அதன் குழு முடிவு செய்தது. ஃபிரிஸ்கோவுக்கும் அந்தக் காலம் தொடங்கிவிட்டது: 67 ஆயிரத்தை எட்டிய மாணவர் எண்ணிக்கை இறங்கத் தொடங்க, 2024-25 கல்வியாண்டோடு ஸ்டேலி நடுநிலைப் பள்ளி மூடப்பட்டது. அதே நேரத்தில், 2023-இல் அமெரிக்காவிலேயே மிக வேகமாக வளர்ந்த நகரம் செலைனா, 2024-இல் பிரின்ஸ்டன். இந்த ஊர்கள் அனைத்தும் முழுவதுமாகவோ பகுதியாகவோ ஒரே கவுண்டியைச் சேர்ந்தவை. ஓர் ஊரில் வகுப்பறைகள் காலியாகும்போது, காரில் அரை மணி நேரத் தொலைவில் இன்னொரு ஊர் கடன் வாங்கி வகுப்பறை கட்டுகிறது. ஒரு பிள்ளை பாலர் வகுப்பிலிருந்து 12-ஆம் வகுப்புவரை பள்ளியில் இருப்பது பதின்மூன்று ஆண்டுகள். பள்ளிக் கடன்பத்திரத்தை அடைக்க இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள்கூட ஆகும். கடன் முடியும் முன்பே பிள்ளைகள் போய்விடுகிறார்கள்.

இப்போது கல்லூரிக்கு வருவோம். காலின் சமுதாயக் கல்லூரியை 1985-இல் வாக்காளர்கள் தோற்றுவித்தார்கள். அதன் வரி எல்லை கவுண்டி முழுவதும். பிளேனோவில் பிள்ளைகள் குறைந்தாலும் செலைனாவில் கூடினாலும் இரண்டும் அதன் எல்லைக்குள்தான். 2017-இல் 60 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு மக்கள் ஒப்புதல் தந்தார்கள். ஆலனில் தொழில்நுட்ப வளாகம், வைலி, செலைனா, ஃபார்மர்ஸ்வில் ஆகிய ஊர்களில் புதிய வளாகங்கள் என்று 2020, 2021 ஆண்டுகளில் அடுத்தடுத்துத் திறந்தன. வளர்ச்சி எங்கே போகிறதோ அங்கே போய் முன்கூட்டியே நிற்க அதனால் முடிந்தது. இன்னொரு வேறுபாடும் உண்டு. பள்ளிக்கு ஐந்து வயதுமுதல் பதினெட்டுவரை உள்ளவர்கள்தான் வருவார்கள். கல்லூரிக்கோ வயது வரம்பே இல்லை. பிள்ளைகள் வளர்ந்து போன பிளேனோவில் நாற்பது வயதில் நர்சிங் படிக்க வருகிறவர் இருப்பார், வேலை இழந்து மின்பணி கற்க வருகிறவர் இருப்பார், கணவரின் வேலைக்காகக் கடல் கடந்து வந்து மறுபடி படிப்பைத் தொடங்கும் பெண்களும் இருப்பார்கள். ஊருக்கு வயதானாலும் கல்லூரிக்கு வேலை இருக்கும்.

இந்த இரண்டு அமைப்புகளும் பிறப்பிலேயே உறவுள்ளவை. அமெரிக்காவின் முதல் பொது சமுதாயக் கல்லூரியாகக் கருதப்படுவது இல்லினாய் மாநிலத்து ஜோலியட் ஜூனியர் கல்லூரி. 1901-இல் ஜோலியட் உயர்நிலைப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஜே. ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து, உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே ஆறு மாணவர்களோடு அதைத் தொடங்கினார்கள். கலிஃபோர்னியாவில் 1907-இல் வந்த சட்டம், உயர்நிலைப் பள்ளிகளே மேற்படிப்பு வகுப்புகள் நடத்தலாம் என்றது. அதன் வழியே 1910-இல் ஃபிரெஸ்னோவில் முதல் ஜூனியர் கல்லூரி வந்தது. டெக்சாஸில் ஹூஸ்டனுக்கு வடக்கே இன்று லோன் ஸ்டார் கல்லூரியாக இருப்பதை 1970-களின் தொடக்கத்தில் ஆல்டின், ஸ்பிரிங், ஹம்பிள் என்ற மூன்று பள்ளி மாவட்டங்களின் வாக்காளர்கள் சேர்ந்து உருவாக்கினார்கள். 1973-இல் ஆல்டின் உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் அது தொடங்கியது. புறநகர் விரிய விரிய மற்றப் பள்ளி மாவட்டங்களும் வாக்கெடுப்பு நடத்திச் சேர்ந்தன. இன்று அதன் பரப்பு பதினொரு பள்ளி மாவட்டங்கள். காலின் கல்லூரியும் தன் முதல் வகுப்புகளை 1985-இல் அப்பகுதி உயர்நிலைப் பள்ளிகளில்தான் நடத்தியது. பள்ளியின் கட்டடத்தில், பள்ளியின் மாணவருக்காக, பள்ளி வரி கட்டுவோரின் வாக்கால் பிறந்தது இந்தக் கல்லூரி. பிரிவினை பின்னால் நிர்வாக வசதிக்காக வந்தது. அதைத் திருத்துவது அந்த நிறுவனத்தின் இயல்புக்கு மாறான காரியமே அல்ல.

இரண்டும் சேரும் இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் டூயல் கிரெடிட். 12-ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பள்ளி வகுப்பறையிலேயே கல்லூரியின் முதலாண்டு ஆங்கிலத் தாளைப் படிக்கிறாள். அந்த மூன்று மணிக் கிரெடிட் பள்ளிச் சான்றிலும் ஏறுகிறது, கல்லூரிக் கணக்கிலும் ஏறுகிறது. டெக்சாஸில் பொதுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் அடிப்படைப் பாடத்திட்டம் 42 மணிக் கிரெடிட். பள்ளி முடியும் முன்பே அதில் ஒரு பகுதியை முடித்தவர் பட்டத்தை அந்த அளவுக்கு விரைவாகவும் குறைந்த செலவிலும் எட்டுகிறார். 2023-இல் நிறைவேறிய எட்டாம் எண் மசோதா சமுதாயக் கல்லூரிகளுக்கான மாநில நிதியை விளைவுகளோடு இணைத்தது. டூயல் கிரெடிட்டில் 15 மணி முடித்த மாணவரும் அந்தக் கணக்கில் வருகிறார். ஏழை மாணவருக்கு இந்தத் தாள்களை இலவசமாக்கும் திட்டமும் அதிலேயே உண்டு. இத்தனை இருந்தும், செலைனாவில் அடுத்த உயர்நிலைப் பள்ளியைக் கட்டும்போது அதன் ஆய்வுக்கூடம் கல்லூரித் தாளுக்கும் பயன்படும் தரத்தில் அமையுமா, பக்கத்துக் கல்லூரி வளாகத்தின் பட்டறையைப் பள்ளி மாணவர் காலையிலும் வேலை பார்ப்பவர் மாலையிலும் பயன்படுத்த முடியுமா என்பதெல்லாம் இரு தலைமைகளின் நல்லெண்ணத்தைப் பொறுத்தே இருக்கிறது. ஆள் மாறினால் உறவும் மாறிவிடும். பொதுப் பணம் இவ்வளவு புழங்கும் இடத்தில் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, விதி வேண்டும்.

கல்லூரிக்குச் சரியான வரி எல்லை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காலின் கவுண்டிக்கு அடுத்த டெண்டன் கவுண்டி காட்டுகிறது. 2020-இல் அங்கே ஒன்பது லட்சம் பேர். ஆனாலும் அந்தக் கவுண்டிக்கென்று சமுதாயக் கல்லூரி வரி மாவட்டம் இல்லை. வடக்கே இருக்கும் சிறிய குக் கவுண்டியின் வரியால் நடக்கும் நார்த் சென்ட்ரல் டெக்சாஸ் கல்லூரி அங்கே வளாகங்கள் வைத்திருக்கிறது. டெண்டன் மக்கள் கல்லூரி வரி கட்டுவதில்லை. அதற்கு ஈடாக அவர்களுடைய பிள்ளைகள் எல்லைக்கு வெளியே உள்ளவர் என்ற கணக்கில் கூடுதல் கட்டணம் கட்டுகிறார்கள். ஃபிரிஸ்கோ நகரம் இரண்டு கவுண்டிகளிலும் பரந்து கிடக்கிறது. ஒரே பள்ளி மாவட்டத்தில் படித்த இரு தோழிகள் சமுதாயக் கல்லூரியில் சேரும்போது, வீடு கவுண்டிக் கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்து வெவ்வேறு கட்டணம் கட்ட நேர்கிறது. வரி இல்லாதது லாபம் என்று நினைக்கலாம். அந்தப் பாரம் வசதியுள்ள வீட்டு உரிமையாளரின் தோளிலிருந்து இறங்கி, மாலை வேலை பார்த்துப் படிக்கும் மாணவரின் தோளில் ஏறுகிறது. அவ்வளவுதான்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது: இப்படியே போனால் பள்ளி மாவட்டங்களையெல்லாம் கவுண்டி அளவில் இணைத்துவிடலாமே என்பது. அமெரிக்கா இணைப்பை அறியாத நாடல்ல. 1940-ஐ ஒட்டி 1,17,000 பள்ளி மாவட்டங்கள் இருந்தன. இன்று சுமார் 13 ஆயிரம். சிறு கிராமங்கள் பள்ளியோடு தங்கள் குரலையும் இழந்த கதைகள் அந்தக் காலத்தில் ஏராளம். நெவாடாவில் லாஸ் வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுண்டி முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம். ஏறத்தாழ மூன்று லட்சம் மாணவர்கள். பிள்ளைகள் நகரத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்ந்தாலும் அது மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே நடக்கிறது, அது நன்மைதான். ஆனால் தலைமையகம் பெற்றோருக்கு எட்டாத் தொலைவில் இருக்கிறது என்ற குறை முற்றி, 2015-இலும் 2017-இலும் மாநிலச் சட்டமன்றம் அதன் அதிகாரத்தைப் பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஆகவே நான் இணைப்பைக் கேட்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் பெற்றோர் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை குழுக் கூட்டத்துக்கு நடந்து வந்து மூன்று நிமிடம் பேசும் உரிமை காக்கப்பட வேண்டிய உரிமை. வகுப்பறை நிர்வாகம் அருகில் இருக்கட்டும்; கட்டடம், கடன், மேல்நிலைப் படிப்பு ஆகிய மூன்றும் அகன்ற எல்லைக்குள் திட்டமிடப்படட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

இரண்டாவது எதிர்வாதம் முதியோரிடமிருந்து வருகிறது, அதை மதிப்போடு கேட்க வேண்டும். என் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள், என் வருமானம் ஓய்வூதியம், அடுத்தவர் பிள்ளைக்கு நான் எத்தனை காலம் வரி கட்டுவது என்கிறார்கள். டெக்சாஸ் சட்டம் இந்தக் குரலுக்குச் செவிசாய்த்திருக்கிறது. 65 வயதை எட்டியவர் குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரிக்கு உச்சவரம்பு உண்டு. குடியிருப்பு வீட்டுக்கான பள்ளி வரி விலக்கை வாக்காளர்கள் 2023-இல் 1 லட்சம் டாலராகவும் 2025-இல் 1.4 லட்சம் டாலராகவும் உயர்த்தினார்கள். இவற்றை நான் குறை சொல்லவில்லை. 2019 முதல் பள்ளிக் கடன்பத்திர வாக்குச்சீட்டில் ‘இது சொத்து வரி உயர்வு’ என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வரி விகிதம் ஏறாத நேரத்திலும் அந்த வாசகம் அச்சில் இருக்கும். முதியவரை இணங்க வைக்கும் வழி அவருக்கும் பயன் தரும் கட்டடத்தைக் கேட்பதே. பள்ளிக்கென்று மட்டும் கட்டப்படும் கட்டடம் அவருடைய வாழ்வைத் தொடுவதில்லை. பகலில் பள்ளி மாணவருக்கும் மாலையில் கல்லூரி மாணவருக்கும் வார இறுதியில் ஊராருக்கும் பயன்படும் நூலகம், பட்டறை, மருத்துவப் பயிற்சிக்கூடம் என்றால் வாக்குக் கேட்பவருக்கும் சொல்ல நியாயம் இருக்கும், வாக்களிப்பவருக்கும் மனம் இருக்கும்.

மூன்றாவது எதிர்வாதம்: வளர்ச்சி தன் செலவைத் தானே கட்டிக்கொள்ளும், புதிய வீடு வந்தால் புதிய வரியும் வருமே என்பது. வரி வரும், ஆனால் பிள்ளைகளுக்குப் பின்னால் வரும். வீட்டுக்குக் குடிவந்த வாரமே பிள்ளை வகுப்பறை வாசலில் நிற்கும். அந்த வீட்டின் முழு மதிப்புக்கு வரி வசூலாக ஓராண்டுக்கு மேல் ஆகலாம். கலிஃபோர்னியாவில் 1986 முதல் வீடு கட்டும் நிறுவனங்களிடம் பள்ளிகளுக்கான கட்டணம் வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. டெக்சாஸில் பள்ளி மாவட்டத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. மேலும் எல்லா ஊரின் வீடும் ஒரே விலை அல்ல. பெருநிறுவன அலுவலகங்கள் நிறைந்த பிளேனோவின் வரித்தளமும், நடுத்தர விலை வீடுகளே மிகுந்த பிரின்ஸ்டனின் வரித்தளமும் ஒன்றாகாது. இந்த ஏற்றத்தாழ்வு பழைய வழக்கு. டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்து ஏழைப் பெற்றோர் தொடுத்த வழக்கில் 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில் அவர்களைக் கைவிட்டது. 1989-இல் எட்ஜ்வுட் வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மாநிலத்தின் பள்ளி நிதிமுறை மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. அதன் விளைவாக 1993-இல் செல்வ மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதியை மாநிலம் எடுக்கும் முறை வந்தது. ஆனால் அது நடைமுறைச் செலவுக்கான வரியோடு நின்றுவிட்டது. கட்டடக் கடனை ஒவ்வொரு மாவட்டமும் பெரும்பாலும் தன் வரித்தளத்திலிருந்தே அடைக்க வேண்டும். 2024 செப்டம்பரில் பிரின்ஸ்டன் நகராட்சி புதிய குடியிருப்புத் திட்டங்களுக்குத் தற்காலிகத் தடை போட்டது. நகராட்சி வீட்டை நிறுத்தலாம். பள்ளி மாவட்டம் எந்தப் பிள்ளையையும் நிறுத்த முடியாது. ஆவணமில்லாத குடும்பத்தின் பிள்ளைக்கும் பள்ளிக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று 1982-இல் டெக்சாஸின் டைலர் ஊரிலிருந்து போன வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நியாயமான தீர்ப்பு. யாரையும் மறுக்க முடியாத நிறுவனத்துக்கு, சின்ன எல்லையும் மெலிந்த வரித்தளமும் மட்டும் கொடுத்து வைத்திருப்பதுதான் அநியாயம்.

நான்காவது எதிர்வாதம் கல்வியாளர்களுடையது, கனமானதும் அதுவே. பள்ளிக்குள் நடக்கும் கல்லூரித் தாள் பெயரளவில்தான் கல்லூரித் தாள். தரம் நீர்த்துப்போகும் என்கிறார்கள். இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. தென் மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பின் நெறிப்படி, கல்லூரித் தாள் எடுப்பவருக்கு முதுகலைப் பட்டமும் அந்தப் பாடத்தில் 18 மணி முதுகலைக் கிரெடிட்டும் இருக்க வேண்டும். வேகமாக வளரும் பள்ளி மாவட்டம் சாதாரண கணித ஆசிரியரைப் பிடிப்பதற்கே திண்டாடும்போது இந்தத் தகுதியுள்ளவரை எங்கே தேடும்? பள்ளிகளுக்கான மாநில அடிப்படைத் தொகை 2019-இல் மாணவருக்கு 6,160 டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டு, 2025-இல் 55 டாலர் கூட்டப்படும்வரை அப்படியே கிடந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆனால் இந்தக் குறை தனித்தனியே நிற்பதால் வரும் குறை. கல்லூரிக்கும் பள்ளிக்கும் பொதுவான ஆசிரியர் பணியிடங்கள் இருந்தால், காலையில் பள்ளியில் இரண்டு வகுப்பு, பிற்பகலில் கல்லூரி வளாகத்தில் இரண்டு வகுப்பு என்று ஒருவரே எடுக்கலாம். தேர்வுத் தாளை இரு தரப்பும் சேர்ந்து மதிப்பிடலாம். தகுதிக்கு ஆறு கிரெடிட் குறையும் பள்ளி ஆசிரியரைக் கல்லூரியும் பள்ளியும் சேர்ந்து படிக்க வைக்கலாம். தரம் நீர்த்துப்போவதைத் தடுக்கும் வழி நெருக்கமான கூட்டுறவே.

ஆக, செய்ய வேண்டியது என்ன? ஐந்து காரியங்களைச் சொல்கிறேன். முதலாவது, எந்தப் பள்ளி மாவட்டமும் கடன்பத்திர வாக்கெடுப்புக்குப் போகுமுன், கவுண்டி முழுவதற்குமான இருபதாண்டு மாணவர் கணிப்பைக் கல்லூரியோடும் பக்கத்துப் பள்ளி மாவட்டங்களோடும் சேர்ந்து தயாரித்து வெளியிட வேண்டும் என்று மாநிலம் சட்டம் செய்ய வேண்டும். இரண்டாவது, கட்டக் கேட்கும் வாக்குச்சீட்டிலேயே நடத்தும் செலவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஃபிரிஸ்கோவின் 2016 மறுபடி நடக்கக் கூடாது. மூன்றாவது, பழைய பகுதியில் பள்ளி மூடப்பட்டால் அந்தக் கட்டடத்தைப் பெறும் முதல் உரிமை சமுதாயக் கல்லூரிக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் இருக்க வேண்டும். ஆஸ்டின் சமுதாயக் கல்லூரி கடைகள் காலியான ஹைலண்ட் வணிக வளாகத்தையே வாங்கி 2014-இல் கல்லூரி வளாகமாக்கிவிட்டது. வகுப்பறைகளாகவே கட்டப்பட்ட பள்ளியை மாற்றுவது அதைவிட எளிது. நான்காவது, கல்லூரி வரி இல்லாமல் வளர்ந்துவிட்ட டெண்டன் போன்ற கவுண்டிகளில் வாக்காளர் முன் அந்தக் கேள்வியை நேர்மையாக வைக்க வேண்டும்: சிறிய வரியை எல்லோரும் பகிர்வதா, பெரிய கட்டணத்தை மாணவர் மட்டும் சுமப்பதா என்று. ஐந்தாவது, பிரின்ஸ்டன் போல வீடு நிறையவும் வரித்தளம் குறைவாகவும் உள்ள ஊர்களின் முதல் கட்டடங்களுக்கு மாநிலம் நேரடியாகக் கைகொடுக்க வேண்டும். 1854-இல் 20 லட்சம் டாலரோடு தொடங்கிய டெக்சாஸின் நிரந்தரப் பள்ளி நிதி இன்று பள்ளிக் கடன்பத்திரங்களுக்கு உத்தரவாதம் தந்து வட்டியைக் குறைக்கிறது. கடனுக்கு ஜாமீன் நிற்கும் மாநிலம் கடனையே குறைக்கவும் முன்வரலாம்.

நண்பர்களே, இவற்றில் எதுவும் பெரும் புரட்சி அல்ல. வரி கட்டுகிறவர் ஏற்கெனவே கட்டுகிறார். கட்டடங்கள் இருக்கின்றன. அறங்காவலர் குழுக்கள் இருக்கின்றன. படிக்க விரும்பும் பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்கிறார்கள். விடுபட்டிருப்பது இவர்களை ஒரே திட்டத்துக்குள் கொண்டுவரும் விதி. பிளேனோ முப்பது ஆண்டுகளில் கற்றதை ஃபிரிஸ்கோ இருபது ஆண்டுகளில் கற்றது. செலைனாவும் பிரின்ஸ்டனும் அதே பாடத்தை அதே விலை கொடுத்துக் கற்க வேண்டிய அவசியம் இல்லை. அங்கே இன்று முதல் வகுப்பில் சேரும் பிள்ளை பன்னிரண்டு ஆண்டுகளில் பள்ளியை முடித்துவிடும். அதற்குள் இந்தச் சட்டங்களை இயற்றி நடைமுறைக்குக் கொண்டுவரப் போதிய காலம் இருக்கிறது. அந்தக் காலத்தை வீணாக்காமல் இருப்பது, வாக்களிக்கும் ஒவ்வொருவரும் அடுத்த தேர்தலிலேயே தங்கள் பள்ளிக் குழு வேட்பாளரிடமும் கல்லூரிக் குழு வேட்பாளரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதில் தொடங்குகிறது: நீங்கள் இருவரும் சேர்ந்து என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள்?